ரெண்டு தை போச்சு... சாவி மட்டும் வரலை! புது வீட்டுக்கு பணம் கட்டியவர்கள் தவிப்பு

திருவள்ளூர்,

"ஆவணியில சாவி வாங்கிக்கலாம் சார்" என்பார்கள். ஆவணி வரும். "மழை வருது, ஐப்பசி கழியட்டும்" என்பார்கள். மழை விடும். "மார்கழியில யார் சார் பால் காய்ச்சுவாங்க? தை பிறக்கட்டும்" என்பார்கள். தையும் பிறக்கும். "பெயிண்ட் மட்டும்தான் பாக்கி" என்பார்கள். அப்புறம் வைகாசி, மறுபடி ஆவணி, மறுபடி தை...

சென்னையை சுற்றியுள்ள புறநகர்களில் பிளாட்டுக்கு பணம் கட்டிவிட்டு காத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த பஞ்சாங்கம் மனப்பாடம். ஆவடி, திருநின்றவூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று ரெயில் போகும் பாதை எல்லாம் புது அடுக்குமாடிகள் எழும்பி நிற்கின்றன. பல கட்டிடங்கள் சொன்ன தேதிக்கு முடிகின்றன. முடியாத கட்டிடங்களில் சிக்கியவர்களின் பாடுதான் திண்டாட்டம்.

வீடு லேட்டானால் நஷ்டம் யாருக்கு? அதை யார் தர வேண்டும்? சட்டம் இருந்தும் பலர் ஒரு ரூபாய் கூட வாங்காமல் போவது ஏன்? இதுபற்றிய ஒரு அலசல்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். இந்த மாதிரி குடும்பம் தெருவுக்கு ஒண்ணு இருக்கு.

கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். சம்பளம் ரூ.30 ஆயிரம். மனைவி ஏற்றுமதி துணி கம்பெனியில் சூப்பர்வைசர். ரூ.18 ஆயிரம். ஒரு பையன், 5-ம் வகுப்பு. வாடகை வீடு, மாதம் ரூ.9 ஆயிரம்.

திருநின்றவூர் பக்கம் 750 சதுர அடியில் ஒரு பிளாட் பார்த்தார்கள். விலை ரூ.40 லட்சம். மனைவியின் நகை, கணவரின் பி.எப்., ஊரில் இருந்த கொஞ்சம் நிலம் எல்லாம் சேர்த்து ரூ.10 லட்சம் கைப்பணம். மீதி ரூ.30 லட்சம் பேங்க் லோன்.

ஒப்பந்தத்தில் எழுதிய தேதி முடிந்து 18 மாதம் ஆகிவிட்டது. கட்டிடம் நிற்கிறது. டைல்ஸ் கூட போட்டாச்சு. ஆனால் லிப்ட் இல்லை, மின்சாரம் இல்லை, சான்றிதழ் இல்லை.

இதுவரை பில்டருக்கு போனது ரூ.34 லட்சம். அதாவது கைப்பணம் ரூ.10 லட்சமும், பேங்க் கொடுத்த ரூ.24 லட்சமும். வட்டி 9 சதவீதம் என்று வைத்தால், பேங்க் கொடுத்த பணத்துக்கு மாதம் ரூ.18 ஆயிரம் வட்டி. வீடு முடியும் வரை கட்டும் இந்த வட்டிக்குத்தான் 'ப்ரீ இ.எம்.ஐ.' என்று பெயர். இதில் அசல் ஒரு ரூபாய் கூட குறையாது. 18 மாதம் கட்டினாலும் கடன் அதே ரூ.24 லட்சம்தான்.

வட்டி ரூ.18 ஆயிரம். வாடகை ரூ.9 ஆயிரம். மொத்தம் மாதம் ரூ.27 ஆயிரம். ரெண்டு பேர் சம்பளம் ரூ.48 ஆயிரத்தில் மிச்சம் ரூ.21 ஆயிரம். அதில்தான் சாப்பாடு, ஸ்கூல் பீஸ், பெட்ரோல், ஊருக்கு அம்மா-அப்பாவுக்கு அனுப்புவது எல்லாம்.

18 மாத தாமதத்துக்கு இந்த குடும்பம் கூடுதலாக இறைத்த பணம் ரூ.4 லட்சத்து 86 ஆயிரம். அடகில் போன நகையின் வட்டி இந்த கணக்கில் சேரவில்லை.

ஏன் லேட் ஆகுது?

எல்லா பில்டரும் ஏமாற்றுக்காரர் இல்லை. சிமெண்டு, கம்பி விலை திடீரென ஏறும். எம்.சாண்ட் லாரி ஸ்டிரைக் என்று 10 நாள் வேலை நிற்கும். வடமாநில தொழிலாளர்கள் பண்டிகைக்கும், தேர்தலுக்கும் ஊருக்கு போனால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். பாதி பிளாட் விற்காமல் நின்றால் கையில் பணம் புரளாது.

ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் தாமதத்துக்கு பெரும்பாலும் காரணம் வேறு. அவை ரெண்டு.

முதலாவது, இந்த கட்டிடத்துக்கு வாங்கிய பணத்தை எடுத்து அடுத்த இடத்தில் நிலம் வாங்கிப் போடுவது. அந்த புராஜெக்ட்டில் பணம் வந்தால்தான் இங்கே வேலை நடக்கும். அங்கே விற்பனை படுத்தால் இங்கே கொத்தனார் வரமாட்டார்.

இரண்டாவது, பிளானில் ஒன்று, கட்டியது ஒன்று. பார்க்கிங் இடத்தில் ஒரு வீடு, பக்கத்தில் விட வேண்டிய காலி இடத்தில் ஒரு சுவர், மாடியில் கூடுதலாக ஒரு அறை. கட்டும்போது யாருக்கும் தெரியாது. கடைசியில் சி.எம்.டி.ஏ.விலோ, டி.டி.சி.பி.யிலோ பணி நிறைவு சான்றிதழ் கேட்கும்போது மாட்டிக்கொள்ளும். சான்றிதழ் நின்றுபோனால் வீடு வாங்கியவரும் நடுத்தெருவில்தான்.

சட்டம் வந்தது எதற்காக?

இந்த கூத்தை நிறுத்தத்தான் 2016-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம் வந்தது. ஜனங்கள் 'ரெரா' என்று சொல்வது இதைத்தான். 2017 மே 1-ந்தேதி முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஜூன் மாதம் விதிகள் வெளியிடப்பட்டு, தனி ஆணையமும் அமைந்தது.

500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் கூட செய்யக்கூடாது. வாங்குபவர்களிடம் வசூலாகும் பணத்தில் 70 சதவீதத்தை தனி பேங்க் கணக்கில் போட வேண்டும். அந்த பணம் அந்த கட்டிடத்தின் நிலத்துக்கும், கட்டுமானத்துக்கும் மட்டும்தான். அதை எடுக்கவும் என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூன்று பேரும் சான்று தர வேண்டும்.

விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்க வேண்டும் என்றால் முதலில் ஒப்பந்தம் எழுதி பதிவு செய்ய வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் வீட்டை ஒப்படைக்கும் தேதி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இந்த தேதிதான் முக்கியம். ஏனென்றால் பில்டரின் ஆள் வாயால் சொல்லும் ஆவணியும் தையும் எங்கேயும் செல்லாது. ஒப்பந்தத்தில் எழுதிய தேதியில் இருந்துதான் தாமதம் கணக்கு தொடங்கும். சைட்டில் "ஒன்றரை வருஷத்துல முடிஞ்சிடும்" என்று சொல்வார்கள். ஒப்பந்தத்தில் 3 வருடம் போட்டு, கூடவே '6 மாதம் சலுகை காலம்' என்று ஒரு வரியும் சேர்த்திருப்பார்கள். வாங்குகிறவர் அதை படிக்காமல் 40 பக்கத்திலும் கையெழுத்து போட்டுவிட்டு வருவார்.

சதுர அடிக்கு 5 ரூபாய்!

பல ஒப்பந்தங்களில் இன்னொரு வரியும் இருக்கும். வீடு லேட்டானால் பில்டர் மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய் தருவார் என்று.

மேலே சொன்ன குடும்பத்துக்கு இதை போட்டுப் பார்த்தால் 750 சதுர அடிக்கு மாதம் ரூ.3,750. 18 மாதத்துக்கு ரூ.67,500. அவர்கள் இழந்ததோ ரூ.4 லட்சத்து 86 ஆயிரம்.

அதே ஒப்பந்தத்தில் வாங்குபவர் தவணையை லேட்டாக கட்டினால் 18 சதவீதம், 24 சதவீதம் என்று வட்டி போட்டிருப்பார்கள். அவர் லேட்டானால் ஒரு நியாயம், இவர் லேட்டானால் ஒரு நியாயம்.

ரெரா சட்டம் இதை மாற்றியது. ரெண்டு பேருக்கும் ஒரே வட்டிதான். தமிழ்நாடு விதிப்படி ஸ்டேட் பேங்கின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். வட்டியோடு 2 சதவீதம் சேர்த்து தர வேண்டும். வீடு வேண்டும் என்று காத்திருப்பவருக்கு, தேதி தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும், சாவி கொடுக்கும் வரை இந்த வட்டி உண்டு.

குறைத்து 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். கட்டியது ரூ.34 லட்சம். அதில் பேங்க் கொடுத்ததும் வாங்கியவர் கட்டிய பணம்தான். எல்லா பணமும் தேதிக்கு முன்பே கட்டியிருந்தால், மாதம் ரூ.28 ஆயிரத்து 333 வட்டி. 18 மாதத்துக்கு ரூ.5 லட்சத்து 10 ஆயிரம்.

வாடகையும் வட்டியுமாக போன பணத்தை சட்டம் ஏறக்குறைய முழுசா திருப்பி தருகிறது. சதுர அடிக்கு 5 ரூபாய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ரூ.4 லட்சத்து 42 ஆயிரத்து 500. இது தெரியாமல்தான் பலர் "ஏதோ கொடுக்கிறாங்களே" என்று அந்த 67 ஆயிரத்துக்கு கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். பலருக்கு அதுவும் இல்லை.

"ஒப்பந்தத்துல நீங்கதானே சார் கையெழுத்து போட்டீங்க?" என்று கேட்பார்கள். பில்டர் தன் வசதிக்கு ஒருதலைப்பட்சமாக எழுதிய ஒப்பந்தம் வாங்கியவரை கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது.

மழை செல்லுமா?

"மழையால லேட்" என்பது எல்லோரும் சொல்லும் காரணம். போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கை சீற்றம் என்றால் பில்டரின் பதிவு காலத்தை நீட்டிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. கொரோனா வந்த 2020-ல் அப்படி நீட்டிப்பு தரப்பட்டது. ஆனால் ஐப்பசி மழை வருஷா வருஷம் பெய்யுது. அதையும் கணக்கில் வைத்துத்தான் தேதி எழுத வேண்டும்.

அதைவிட முக்கியமானது 2021 நவம்பரில் வந்த சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. சொன்ன தேதியில் வீடு தரவில்லை என்றால், "எனக்கு வீடே வேண்டாம், பணத்தை வட்டியோடு கொடு" என்று கேட்பது வாங்கியவரின் நிபந்தனையற்ற உரிமை. எதிர்பாராத காரணம், கோர்ட்டு தடை என்று எதை சொன்னாலும் அந்த உரிமை போகாது.

ஆக, வாங்கியவர் கையில் ரெண்டு வழி இருக்கு. வீடு வேண்டும் என்றால் மாதாமாதம் வட்டி. வேண்டாம் என்றால் முழு பணமும் வட்டியும். எது வேண்டும் என்று முடிவு செய்வது அவர்தான், பில்டர் இல்லை.

"பத்திரம்தான் நம்ம பேர்ல இருக்கே..."

தமிழ்நாட்டில் பல வருடங்களாக ஒரு வழக்கம் உண்டு. கட்டிடம் எழும்பும் முன்பே நிலத்தில் ஒரு பாகத்தை வாங்குபவர் பெயரில் கிரயம் செய்து கொடுப்பார்கள். 'யூ.டி.எஸ்.' என்று சொல்லும் பிரிக்கப்படாத பாகம் இதுதான். வீட்டை கட்டித் தருவதற்கு தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். 2023 டிசம்பர் 1-ந்தேதி முதல்தான் நிலம், கட்டிடம் ரெண்டையும் சேர்த்து கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்தது.

பழைய முறையில் வாங்கிய பலர், பத்திரம் கையில் இருப்பதால் வீடே கைக்கு வந்துவிட்டதாக நினைத்து தைரியமாக இருக்கிறார்கள். அது நிலத்தின் பங்குக்கு மட்டும்தான் பத்திரம். 750 சதுர அடி வீட்டுக்கு யூ.டி.எஸ். பொதுவாக அதைவிட குறைவாகத்தான் இருக்கும். அந்த நிலத்தை தனியாக பிரித்து விற்கவும் முடியாது, வேலி போடவும் முடியாது. பணத்தை திருப்பிக் கேட்டால், அந்த பாகத்தை மறுபடி எழுதிக்கொடுக்க வேண்டியதும் வரும். அதனால் நிலப் பத்திரத்தோடு கட்டுமான ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒப்படைக்கும் தேதி இருப்பது அதில்தான்.

சாவி தர்றோம், பால் காய்ச்சிக்கோங்க!

18 மாதம் கழித்து அந்த குடும்பத்துக்கு பில்டர் ஆபீசில் இருந்து போன் வருகிறது.

"சார், உங்க பிளாட் ரெடி. சர்டிபிகேட் ஒரு மாசத்துல வந்துடும். நீங்க நல்ல நாள் பார்த்து பால் காய்ச்சிட்டு குடி வந்துடுங்க. இந்த லெட்டர்ல மட்டும் ஒரு கையெழுத்து."

இங்கேதான் உண்மையான சிக்கல். இந்த பக்கம் வாடகை வீட்டு ஓனர் சித்திரையோடு காலி பண்ண சொல்லிவிட்டார். பையனுக்கு ஜூனில் புது ஸ்கூல் சேர்க்க வேண்டும். மனைவி, "என்னங்க, எப்படியும் நம்ம வீடுதானே, போயிடலாமே" என்கிறார். கணவருக்கு மாதம் ரூ.9 ஆயிரம் வாடகை மிச்சம் என்று ஆசை. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் பணி நிறைவு சான்றிதழ் இல்லாமல் வாங்கும் சாவி பாதி சாவி. பெரிய அடுக்குமாடிகளுக்கு அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும், குடிநீர், கழிவுநீர் இணைப்பும் கிடைக்காது. கட்டுமான வேலைக்கு வாங்கிய தற்காலிக மின்சாரத்தில்தான் பேன் சுற்றும். அதற்கு யூனிட் விலையும் அதிகம், வீடுகளுக்கு தரும் 100 யூனிட் இலவசமும் கிடையாது. லாரி தண்ணிக்கு மாதாமாதம் பங்கு கட்டணும். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவரின் பேங்க் முதலில் கேட்பது அந்த சான்றிதழைத்தான்.

சான்றிதழ் வாங்காமல் கட்டிடத்தை ஒப்படைக்க கூடாது, அது இருந்தால்தான் மின்சாரம், தண்ணீர் இணைப்பு தர வேண்டும் என்று 2024 டிசம்பர் 17-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது. ரெரா சட்டத்திலும் சான்றிதழ் வந்த பிறகு 2 மாதத்துக்குள் வாங்கியவர் வீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது. சான்றிதழ் வரும் முன்பே சாவியை வாங்கியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அந்த லெட்டரில் என்ன இருக்கும்?

"வீட்டை திருப்தியாக பெற்றுக்கொண்டேன். தாமதத்துக்காக எந்த தொகையும் கேட்க மாட்டேன்" என்று ஒரு வரி நடுவில் இருக்கும். சாவி கிடைத்த சந்தோஷத்தில் யாரும் அதை கவனிப்பதில்லை. ரூ.5 லட்சத்துக்கு மேல் வர வேண்டிய உரிமை அந்த ஒரு கையெழுத்தில் ஆட்டம் காணும்.

பெங்களூரு அடுக்குமாடி வழக்கு ஒன்றில் இதே விவகாரம் வந்தது. நஷ்டஈடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் வீடு என்று நிபந்தனை போடுவது நியாயமில்லை, வீட்டை வாங்கிக்கொண்டாலும் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. எனவே ஏற்கனவே கையெழுத்து போட்டவர்களும் மனம் தளர வேண்டாம். ஆனால் கையெழுத்து போட்டுவிட்டு கோர்ட்டில் போராடுவதை விட, போடாமல் இருப்பதே நல்லது. வேறு வழியில்லாமல் குடிபோக வேண்டிய நிலை வந்தால், "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன். சான்றிதழ் இன்னும் வரவில்லை" என்று கையாலேயே எழுதி தேதியோடு கையெழுத்து போட்டு, ஒரு நகலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

மவுலிவாக்கம் மறக்குமா?

"சர்டிபிகேட் எல்லாம் ஒரு பேப்பர் சார்" என்பவர்களுக்கு மவுலிவாக்கத்தை ஞாபகப்படுத்த வேண்டும். 2014 ஜூன் 28-ந்தேதி மாலை மழை பெய்துகொண்டிருந்தபோது கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அடுக்குமாடி சீட்டுக்கட்டு போல சரிந்தது. 61 பேர் உயிர் போனது. பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடமும் ஆபத்து என்று 2016 நவம்பர் 2-ந்தேதி வெடி வைத்து தகர்க்கப்பட்டது. அங்கே வீடு வாங்க பணம் போட்டவர்களின் கனவும் அதோடு தரைமட்டம் ஆனது.

கட்டியது பிளான்படி இருக்கிறதா என்று அரசு ஒருமுறையாவது வந்து பார்த்தது என்பதற்கு அத்தாட்சி அந்த பேப்பர்தான்.

எங்கே போய் கேட்பது?

ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆன்லைனிலேயே கொடுக்க வசதி இருக்கிறது. வக்கீல் இல்லாமல் தானே ஆஜராகவும் சட்டம் அனுமதிக்கிறது. தாமத வட்டி, பணம் திரும்ப பெறுவது ரெண்டும் ஆணையத்திடம். மன உளைச்சல் போன்ற மற்ற நஷ்டஈடுகளை அங்கேயே உள்ள தீர்ப்பு அதிகாரியிடம் தனியாக கேட்க வேண்டும்.

அல்லது நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம். கட்டிய தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு போடலாம். ரெரா இருப்பதால் நுகர்வோர் கோர்ட்டு கதவு மூடாது என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக சொல்லிவிட்டது. ஒரே கோரிக்கையோடு ரெண்டு இடத்துக்கும் போகாமல் ஒன்றை தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் மறைக்கக்கூடாத ஒரு குறையும் உண்டு. உத்தரவு வந்துவிட்டால் மறுநாளே பணம் வந்துவிடாது. பில்டர் தரவில்லை என்றால் நில வருவாய் பாக்கி போல கலெக்டர் மூலம் வசூலிக்க சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த பைல் தாலுகா ஆபீசுக்கு போய், சொத்தை கண்டுபிடித்து, ஜப்தி வரை போவதற்குள் காத்திருந்தவர் இன்னொரு காத்திருப்பை பார்த்துவிடுவார். ரெராவின் பலவீனம் இங்கேதான். ஒரே ஆறுதல், அப்பீல் போகும் பில்டர் வாங்கியவருக்கு தர வேண்டிய முழு தொகையையும் வட்டியோடு முன்கூட்டியே டெபாசிட் கட்டினால்தான் அப்பீல் நடக்கும்.

அதனால்தான் தனியாக அலைவதை விட, அதே கட்டிடத்தில் வாங்கியவர்கள் சேர்ந்து போவது நல்லது. 20 குடும்பம் சேர்ந்து நின்றால் பில்டரும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவார். சொத்து எங்கே இருக்கிறது என்ற தகவலும் சுலபமாக கிடைக்கும்.

செய்யக்கூடாத தப்பு

ஆத்திரத்தில் சிலர் பேங்க் வட்டியை கட்டாமல் நிறுத்திவிடுகிறார்கள். அது பில்டருக்கு உறைக்காது. கடன் வாங்கியது நீங்கள். சிபில் மதிப்பெண் விழும். நாளைக்கு நகைக்கடன், வண்டி லோன் கூட சிரமம். வட்டியை கட்டிக்கொண்டே வழக்கு போட வேண்டும்.

ஆனால் பேங்க்கை சும்மாவும் விடக்கூடாது. கட்டுமானம் எந்த அளவு முடிந்ததோ அதற்கு தகுந்தபடிதான் பணம் விடுவிக்க வேண்டும் என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வேலை நடக்காமல் பில்டர் அடுத்த தவணை கேட்டால், "சைட்டை பார்த்துட்டு பணம் விடுங்க" என்று கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுக்கலாம். போன பணத்தை விட போகாத பணத்தை காப்பாற்றுவது சுலபம்.

வாங்கப் போறவங்க கவனத்துக்கு...

* ரெரா பதிவு எண் இல்லாத அடுக்குமாடிக்கு டோக்கன் அட்வான்ஸ் கூட கொடுக்க வேண்டாம். பதிவு எண்ணை ஆணைய இணையதளத்தில் போட்டு, முடிக்கும் தேதியை பாருங்கள். வேலை எவ்வளவு முடிந்தது என்று 3 மாதத்துக்கு ஒருமுறை பில்டர் அங்கே தெரிவிக்க வேண்டும்.

* ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் தேதி நாள், மாதம், வருடத்தோடு இருக்கணும். "அனுமதி கிடைத்த பின் 24 மாதம்" என்ற மாதிரி வார்த்தை இருந்தால் எந்த அனுமதி, எந்த தேதி என்று எழுத சொல்லுங்கள்.

* விலை கார்பெட் ஏரியாவுக்கா, காமன் ஏரியாவும் சேர்த்தா என்று கேளுங்கள். கார்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் புழங்கும் இடம். பால்கனி, வெளிச்சுவர் அதில் வராது.

* கட்டும்போதே வாங்கினால் ஜி.எஸ்.டி. உண்டு. சென்னை போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்குள், ரூ.45 லட்சத்துக்குள் இருந்தால் 1 சதவீதம். மற்ற வீடுகளுக்கு 5 சதவீதம். பணி நிறைவு சான்றிதழ் வந்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கொஞ்சம் விலை அதிகம் என்றாலும் காத்திருக்கும் வாடகையும் வட்டியும் மிச்சம். ரெண்டையும் கூட்டிப் பாருங்கள்.

* ரசீது, பேங்க் ஸ்டேட்மெண்ட், பில்டர் அனுப்பிய லெட்டர், வாட்ஸ்-அப் மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். "அடுத்த மாசம் சாவி" என்று போனில் சொன்னால், "நீங்க சொன்னதை மெயிலில் போடுங்க" என்று கேளுங்கள்.

* குடிபோன பின்பும் 5 வருடத்துக்குள் கட்டுமான குறைபாடு தெரிந்தால் 30 நாளில் செலவு வாங்காமல் சரி செய்து தருவது பில்டர் பொறுப்பு.

அந்த குடும்பம் என்ன செய்யலாம்?

சித்திரையில் வாடகை வீட்டை காலி செய்தாக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் புது வீட்டுக்கு போவதா, இன்னொரு வாடகை வீடு தேடுவதா? ரெண்டுமே கஷ்டம்தான்.

இன்னும் ஆறு மாதம் வாடகை கொடுத்தால் ரூ.54 ஆயிரம் செலவு. லெட்டரில் கையெழுத்து போட்டால் ரூ.5 லட்சத்துக்கு மேல் ஆட்டம் காணும். கணக்கு போட்டுப் பார்த்தால், வேறு வாடகை வீட்டுக்கு போய்விட்டு, அதே வாரத்தில் ரெராவில் தாமத வட்டி கேட்டு மனு போடுவதுதான் லாபம். பையனை புது வீட்டுக்கு பக்கத்து ஸ்கூலிலேயே சேர்த்துவிட்டு, அதே ஊரில் வாடகைக்கு இருந்தால் கட்டிட வேலையையும் தினமும் கண்ணால் பார்க்கலாம். பூட்டிய ஆபீசுக்கு போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நகையை விற்று, நிலத்தை விற்று, ஓவர்டைம் பார்த்து கட்டிய பணம் இது. பில்டர் சொல்லும் நல்ல நாளுக்காக இன்னொரு ஆவணி, இன்னொரு தை என்று காத்திருப்பதில் பயனில்லை. பீரோவில் இருக்கும் ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்து, ஒப்படைக்கும் தேதி எந்த பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த தேதி தாண்டியிருந்தால், அன்றைக்கே உங்கள் வட்டி கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.